கத்தியை உயர்த்தும் இடம்

அக்டோபர் மூன்றாம் சனிக்கிழமை.
டுலுத்தில் ஏரிக்காற்று காதைக் கடிக்கிறது.
இரும்புக்கடையில்
ஆணிப் பெட்டிகளுக்கும் பனி மண்வெட்டிகளுக்கும் நடுவே
வலைப்பைகளில் தொங்குகிறது வசந்தம்,
பைக்கு ஏழு டாலர்.

படத்தை நம்பாதே.
நான்காம் வருடமாக
எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன்.
படத்தில் எந்த டூலிப்பும் வாடியதில்லை.

முதல் வருடம் படத்தைத்தான் வாங்கினேன்.
ஓரம் கிழிந்த சிவப்பு, நாற்பது கிழங்கு.
நட்டு முடிக்கும்வரை
மேப்பிள் கிளையில் ஒரு அணில்
கணக்குப்பிள்ளை போல உட்கார்ந்திருந்தது.
விடிந்தால் நாற்பது குழி.
குழிக்குக் குழி பழுப்புத் தோல் மட்டும்,
விருந்தாளி மரியாதையாய்
உரித்து வைத்துவிட்டுப் போனதுபோல.

அடுத்த வருடம் கோழிவலைக்கு அடியில் நட்டேன்.
அணில் தோற்றது.
மே இரண்டாம் வாரம் முப்பத்தெட்டு மொட்டு.
எண்ணினேன், வெட்கமில்லாமல் தினமும் எண்ணினேன்.
ஒரு நாள் அதிகாலை மூன்றரைக்கு
வேலைக்கு வண்டியைக் கிளப்பினால்
விளக்கு வெளிச்சத்தில் மூன்று மான்கள்,
அசையவில்லை.
வாயோரம் என் சிவப்பு.

மிஞ்சியது ஒன்றே ஒன்று.
முந்தைய வருடம் அணில் திருடி
எங்கே புதைத்தோம் என்று மறந்துபோனது.
பக்கத்து வீட்டு ஐலா கோஸ்கேலாவின்
கார்ப்பாதை விரிசலில் நிமிர்ந்து நின்றது.
ஒன்பது வருடத்தில் முதல்முறையாக
அவள் என் மணியை அடித்தாள்.
"உன் பூ என் இடத்தில் நிற்கிறது."
வேலி தாண்டிய மாட்டுக்கு
வழக்குப் பேச வந்தவள் குரல்.
பிறகு, காலியான என் பாத்தியைப் பார்த்து,
கொஞ்சம் இறங்கி,
"விஷம் இருப்பதை நடு" என்றாள்.

டாஃபடில்.
மான் முகர்ந்துவிட்டு நகரும்.
அணில் தோண்டினாலும் துப்பிவிடும்.
கசப்பைக் காவலுக்கு வைத்துக்கொண்டு
அது பாட்டுக்கு மஞ்சளாய் இருக்கும்.
ஒன்று மூன்றாகும், மூன்று கொத்தாகும்.
பூ முடிந்ததும் இலையை வெட்டாதே என்றாள் ஐலா,
அசிங்கமாகத்தான் கிடக்கும், கிடக்கட்டும்,
அடுத்த வருடச் சாப்பாட்டை
அந்த இலைதான் கீழே அனுப்புகிறது.

ஓரத்துக்குக் கொஞ்சம் நீலம் வேண்டுமென்றால்
சைபீரிய ஸ்கில்லா.
பனி முழுசாய்க் கரையுமுன்னே வந்துவிடும்.
ஆனால் எல்லை தெரியாத பூ, ஜாக்கிரதை என்றாள்.
(இப்போது பாதி நீலம் அவள் புல்தரையில்.
இதுவரை மணி அடிக்கவில்லை.)

ஆக, இந்தச் சனிக்கிழமை,
படங்களைத் திருப்பிப் போட்டுவிட்டு
கட்டைவிரலால் அழுத்திப் பார்க்கிறேன்.
மெத்தென்றிருப்பது வேண்டாம்.
பூஞ்சை நாற்றம் வேண்டாம்.
கையில் எடுத்தால் கனக்க வேண்டும்,
சின்னக் கல்லைப் போல.
வெங்காயத்தை உரித்தால் ஒன்றுமில்லை என்பார்கள்.
இதைக் குறுக்கே வெட்டினால்
நடுவில் ஒரு பூ
ஏற்கெனவே மடித்து வைக்கப்பட்டிருக்கும்,
அரிசிமணி அளவில்,
நிறம் மட்டும் இன்னும் வராமல்.

ஒரு பை எனக்கு, ஒரு பை ஐலாவுக்கு.
சாலைக்கும் நடைபாதைக்கும் இடையே
யாருக்கும் சொந்தமில்லாத பட்டையில்
இருவரும் முட்டி போட்டு நட்டோம்,
கிழங்கின் உயரத்தைப் போல் மூன்று மடங்கு ஆழம்.
அவள் அதிகம் பேசவில்லை.
ஒருமுறை மட்டும்,
"தலைகீழாய் வைத்திருக்கிறாய்."
திருப்பி வைத்தேன்.

ஜனவரி. அதிகாலை நான்கு.
நகராட்சியின் பனி வழிக்கும் வண்டியில்
என் தெருவுக்கு நானே வருகிறேன்.
எங்கள் இரு வீட்டு வாசல் வந்ததும்
பக்கவாட்டுக் கத்தியை
நான்கு விரற்கடை உயர்த்துகிறேன்.
இருபதடி தூரம். பிறகு இறக்குகிறேன்.

அங்கே மட்டும் ஏன் பனி மிச்சம் என்று
மேற்பார்வையாளர் ராண்டல் கேட்டார்.
அடியில் கல் இருக்கிறது என்றேன்.